வேண்டியதைக் கூறுவது வெட்கமன்று

மலையுச்சியில் மகாதீபம் பதினொரு நாள் எரிந்து குளிர்ந்த பின்னர், திருவண்ணாமலை நகரம் சற்றே ஓய்வு கொள்கிறது. யாத்திரிகர் கூட்டம் குறைகிறது. கார்த்திகைச் சந்தைக்கு வந்த மாடுகள் புதிய மூக்கணாங்கயிற்றுடன் ஊர் திரும்புகின்றன. மார்கழி பிறந்து, கிறிஸ்தவ அங்கத்தினர்களின் வீட்டு வாயில்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்குகின்றன. மார்கழி முடிந்ததும் பொங்கல். ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, சாதி சமய வேற்றுமையின்றி, நம் வீடுகளில் கொடுப்பதும் வாங்குவதுமே பேச்சாக இருக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு திருத்தம் செய்துகொண்டால் எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும் என்பது, சங்கங்களின் கணக்கைப் பார்ப்பதோடு அங்கத்தினர் வீடுகளையும் பார்க்க நேர்ந்த என்னுடைய கருத்து. அதனை ஒரு வீட்டின் வாயிலாகவே கூறுகிறேன்.

ஒரு நெசவாளர் வீட்டில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத் தொடக்கத்தில், ஆரணிப் பக்கத்துச் சங்கமொன்றில் தணிக்கைக்குச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகளாகப் பட்டுப் புடவை நெய்துவரும் அங்கத்தினர் ஒருவருக்குத் தொடர்ந்து மூன்று புடவைகளில் கூலிப் பிடித்தம் ஏற்பட்டிருந்ததைப் பேரேட்டில் கண்டேன். அறுந்த இழை முடியப்படாமலும், ஊடை தவறியும் இருந்ததாகக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அவரோ சங்கத்திலேயே கைத்திறன் மிக்கவர் எனப் பெயர் பெற்றவர். காரணம் அறிய விரும்பி, சங்க மேலாளருடன் அவர் வீட்டிற்குச் சென்றேன்.

கிறிஸ்தவக் குடும்பம். பண்டிகை முடிந்து பத்து நாளே ஆகியிருந்தது. சுவரில் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் கண்ணாடிக்குள் நீர் நிறைந்து பொன் துகள் மிதக்கும் அலங்காரப் பொருள் ஒன்றும், பெட்டி பிரிக்கப்படாத விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றும் இருந்தன. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மூத்த மகள் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி வந்தவை. தறியில் அமர்ந்தால் நாடா வீசும் கையில் கடிகாரம் கட்ட இயலாது. ஆகவே அது பெட்டியிலேயே இருந்தது.

மறுபுறம் நோக்கினேன். குழித்தறிக்கு மேலே மங்கலான பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சமையற்கட்டின் மூலையில் கோணிப்பை போர்த்தப்பட்டுக் கிரைண்டர் ஒன்று கிடந்தது. 2011இல் அரசு தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் வந்தது. நெடுங்காலம் உழைத்து மோட்டார் எரிந்துபோயிற்று. அதன்பின் அவ்வீட்டு அம்மையார் ஊறிய அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிற்குச் சென்று அரைத்து வருகிறார் என்று தெரிந்தது.

புடவையில் நேர்ந்த பிழையைப் பற்றிப் பக்குவமாகக் கேட்டேன். நெடுநேரம் தயங்கிய பின், "சாயங்காலம் ஆனா இழை தெரிய மாட்டேங்குது ஐயா. கையால தடவிப் பாத்துத்தான் முடியறேன்" என்றார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளெழுத்தேயன்றி வேறொன்றுமில்லை. ஆனால் கண் மங்கியவர் என்று தெரிந்தால் சங்கத்தில் நல்ல பாவு கொடுக்கமாட்டார்களோ என்னும் அச்சத்தினால், வீட்டாரிடம்கூட அதனைக் கூறாமல் இருந்திருக்கிறார்.

"பண்டிகைக்கு என்ன வேண்டுமென்று மகள் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டாளே. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீ வந்தாப் போதும்னு சொன்னோம்" என்றார் அம்மையார். "பெத்த பொண்ணுகிட்ட அது வேணும், இது வேணும்னு வாய்விட்டுக் கேக்கறது நல்லாவா இருக்கும் ஐயா?"

அந்தக் கடிகாரத்தை அப்பெண் மாதத் தவணைக் கடனில் வாங்கியிருக்கிறாள் என்பதைப் பின்னர் அறிந்தேன். தவணை முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"ஒன்றும் வேண்டாம்" என்னும் சொல்

அங்கத்தினர்களே, இவ்வீட்டில் யார் மீது குற்றம் கூறுவது? பெற்றோர் பேராசையற்றவர்கள், மகள் அன்பு மிக்கவள். ஆயினும் மூன்று பேரின் நன்மனமும் சேர்ந்து, பயன்படாத ஒரு பொருளையும், எட்டு மாதக் கடனையும், மூன்று புடவையின் கூலிப் பிடித்தத்தையும் விளைவித்தன. குறை அன்பில் இல்லை, செய்தியில் இருக்கிறது. "ஒன்றும் வேண்டாம்" என்று நாம் பணிவாகக் கூறும் சொல், கேட்பவரை இருட்டில் விட்டுவிடுகிறது. வெறுங்கையோடு வர மனமில்லாத அவர், கடைக்காரர் சுட்டிக்காட்டும் பொருளை வாங்கி வருகிறார். பணம் அவருடையது, வீடு நம்முடையது, தீர்மானம் மட்டும் கடைக்காரருடையது என்றாகிவிடுகிறது.

பொருளாதார அறிஞர்களும் இதனை அளந்து பார்த்திருக்கின்றனர். 1993இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோயல் வால்ட்ஃபோகல் என்பவர், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பெற்ற மாணவர்களிடம் அவற்றின் மதிப்பை விசாரித்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கொடுத்தவர் செலவிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை, பெற்றவர் மதிப்பில் காணாமற் போகிறது என்பது அவர் கண்ட முடிவு. நூறு ரூபாய் செலவிட்டால் பத்து முதல் முப்பத்துமூன்று ரூபாய்வரை யாருக்கும் பயனின்றி வீணாகிறது என்று பொருள். பணக்காரர் இந்நஷ்டத்தைத் தாங்குவர். வாரக்கூலி வாங்கும் நெசவாளரும், நிலக்கடலை விற்ற பணத்தை எண்ணிச் செலவிடும் விவசாயியும் தாங்குவரா?

இந்தக் கவலை புதிதன்று. 1912இல் நியூயார்க் நகரில் எலினார் பெல்மாண்ட், ஆன் மார்கன் என்னும் இரு மாதர்கள் 'பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்' என ஒன்றைத் தோற்றுவித்தனர். அந்நகரத்துக் கடைகளில் சொற்பச் சம்பளத்திற்கு வேலை பார்த்த பெண்கள், மேலதிகாரிகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தே தீரவேண்டும் என்னும் கட்டாயத்திற்கு உட்பட்டிருந்தனர். அக்கொடுமையை எதிர்த்தே அச்சங்கம் எழுந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் அதில் சேர்ந்துகொண்டார். பரிசு கூடாது என்பதன்று அவர்கள் கொள்கை. மனமுவந்து கொடுப்பதும் பயன்படுவதுமே பரிசு என்பதுதான்.

நம் முன்னோர் வகுத்த வழி

பயன்படும் பொருளைக் கொடுப்பது மேல்நாட்டார் வந்து கற்பிக்க வேண்டிய பாடமன்று. தலைப்பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து செல்லும் வரிசையைப் பாருங்கள்: பொங்கற்பானை, கரண்டி, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு. குடித்தனத்திற்கு வேண்டாத பொருள் அதில் ஒன்றேனும் உண்டா? பானை அடுப்பேறும், அரிசி உலையேறும்.

நமது அண்ணாமலையார் கோயிலையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் ஏற்றும் தீபத்திற்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரியும் தேவைப்படுகின்றன. கோயில் நிர்வாகம் "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்" என்று கூறுவதில்லை. தீபத்திற்கு நெய் வேண்டுமென வெளிப்படையாக அறிவித்து, ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ என்று அளவு வகுத்துக் காணிக்கை பெறுகிறது. எளியவர் கால் கிலோவுக்குச் செலுத்துகிறார். வசதி படைத்தவர் அதிகமாகச் செலுத்துகிறார். எல்லாருடைய நெய்யும் ஒரே கொப்பரையில் எரிகிறது. இறைவனுக்கே தேவையைக் கூறிப் பெறுவது முறையாயிருக்க, ஏழை அடுக்களைக்குக் கூறிப் பெறுவது மட்டும் எங்ஙனம் இழிவாகும்?

கிறிஸ்தவ மரபிலும் இதற்குச் சான்று உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தா என்று குழந்தைகள் கொண்டாடும் உருவத்திற்கு மூலமானவர், நான்காம் நூற்றாண்டில் மைரா என்னும் ஊரில் ஆயராயிருந்த நிக்கொலாஸ். திருமணம் செய்விக்க வழியற்றிருந்த மூன்று பெண்களின் வீட்டில் இரவோடிரவாகப் பொன் முடிப்புகளைப் போட்டுச் சென்றார் என்பது அவரைப் பற்றிய கதை. அவ்வீட்டின் தேவை இன்னதென அறிந்து கொடுத்ததே அக்கதையின் சிறப்பு.

கேட்பதற்கும் எல்லை உண்டு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வேண்டியதைக் கூறலாம் என்றதும், மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் நீட்டுவதற்கு இதனை ஆதாரமாகக் கொள்ளலாகாது. வரதட்சிணை கேட்பது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது பாவம். மொய்ப்பணமும் அவ்வாறே. நோட்டில் எழுதி, திரும்ப வரவேண்டுமென எதிர்பார்க்கும் தொகை பரிசாகாது, கடனே ஆகும். கேட்டால் மறுக்க முடியாத நிலையிலுள்ளவரிடம் கேட்பது பறிப்பதற்கு ஒப்பாகும். அன்போடு வினவுபவருக்கு உண்மையான விடை அளிப்பது வேறு. இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு, நான் கண்ட சில நெறிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, வினவப்பட்ட பின்னரே விடை கூறுதல் வேண்டும். ஆனால் வினவினால் மழுப்பலாகாது.

இரண்டாவது, ஒரே பொருளைக் கூறாமல், சிறிதும் பெரிதுமாக மூன்றைக் கூறுக. குக்கருக்கு ரப்பர் வளையம், ஒரு போர்வை, ஒரு மின்விசிறி என்று கூறினால், கொடுப்பவர் தம் சக்திக்கேற்றதைத் தேர்ந்துகொள்வார். எதைத் தேர்ந்தாலும் முகம் கோணலாகாது.

மூன்றாவது, அளவையும் விவரத்தையும் தெளிவாகச் சொல்லுக. மூன்று லிட்டர்க் குக்கர் இருக்கும் வீட்டிற்கு இன்னொரு மூன்று லிட்டர்க் குக்கர் வருவதால் பயன் என்ன?

நான்காவது, பழுது பார்த்துக் கொடுப்பதும் பரிசே. மோட்டார் மாற்றிய கிரைண்டரும், புது வளையம் போட்ட அடிபம்பும் பளபளக்கும் காகிதத்தில் சுற்றி வராவிடினும், வீட்டாருக்கு ஆண்டு முழுவதும் உதவும்.

ஐந்தாவது, மூன்று பிள்ளைகள் தனித்தனியே மூன்று சிறு பொருள் வாங்குவதற்குப் பதில், மூவரும் சேர்ந்து வீட்டிற்கு அவசியமான ஒன்றை வாங்கலாம். நாம் சங்கத்தில் செய்வதும் இதுவேயன்றோ?

ஆறாவது, வீட்டின் பொதுத் தேவையை இல்லத்தரசிக்குக் கொடுத்த பரிசு என்று கணக்கெழுதலாகாது. கிரைண்டரில் அரைத்த மாவை வீட்டார் அனைவரும் உண்கின்றனர். அவருக்கென்று தனியே என்ன வேண்டுமென்பதையும் ஒருமுறை கேட்கவேண்டும். நம் தாய்மார்களை யாரும் அப்படிக் கேட்டு வழக்கமில்லாததால்தான் "ஒன்றும் வேண்டாம்" என்னும் விடை அவர்கள் வாயில் தயாராக நிற்கிறது.

"அப்படியானால் எதிர்பாராத பரிசு தரும் மகிழ்ச்சி போய்விடாதா?" என்று சிலர் வினவலாம். குழந்தைகளுக்குப் பொம்மையும், ஊதலும், இனிப்பும் எதிர்பாராமலே வரட்டும். அதைத் தடுப்பார் யார்? பெரியவர்களுக்கு எதிர்பாராமல் வரவேண்டியது கடன் நோட்டீஸ் அன்று என்பதே என் வாதம்.

டிசம்பர் 21இன் பாடம்

கூட்டுறவுக்கும் கிறிஸ்துமஸ் காலத்திற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 தொழிலாளர்கள் ஒன்றுகூடி, 28 பவுன் மூலதனத்தில் தங்கள் பண்டகசாலையைத் திறந்தது 1844 டிசம்பர் 21ஆம் நாள், அதாவது கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்யும் நெசவாளர்கள். பண்டிகைக் காலத்தில் திறந்த கடையாயினும் அதில் ஆடம்பரப் பொருள் ஒன்றும் இல்லை. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள் ஆகியவையே முதல் நாள் சரக்கு. கலப்படமில்லாத மாவும் சரியான எடையுமே அந்த ஆண்டு அவ்வூர் நெசவாளர் வீடுகளுக்குக் கிடைத்த சிறந்த பரிசு. வாங்கிய அளவிற்கேற்ப லாபத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையும் அவர்களாலேயே புகழ்பெற்றது. கடைக்குச் செலுத்தியதில் ஒரு பகுதி சேமிப்பாகத் திரும்பி வர, அதைக்கொண்டு குடும்பங்கள் காலணியும் துணியும் வாங்கின.

நம் நாட்டில் 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது; 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. கோ-ஆப்டெக்ஸில் மாதாமாதம் சிறு தொகை செலுத்தி வந்தால், கடைசித் தவணையை நிறுவனமே செலுத்தி, தள்ளுபடி விலையில் துணி வழங்கும் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பண்டிகைப் பரிசுக்கு இதனினும் பொருத்தமான வழி வேறில்லை. முன்னே கடன் வாங்கிப் பின்னே அடைப்பவர் வட்டி கொடுக்கிறார். முன்னே சேமித்துப் பின்னே வாங்குபவர் சலுகை பெறுகிறார்.

சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், நமது சங்கங்களின் துண்டும் வேட்டியும் எந்த வீட்டில் பயன்படாமற் போகும்? ஜவ்வாது மலைச் சாமையும் தேனும், நமது விவசாயிகளின் செக்கு நிலக்கடலை எண்ணெயும் எந்த அடுக்களையில் மீந்துபோகும்? நெசவாளர் விவசாயியின் எண்ணெயைப் பரிசளிக்க, விவசாயி நெசவாளரின் போர்வையைப் பரிசளித்தால், இரு வீட்டிலும் தேவை தீர்கிறது. இருவர் தொழிலும் வாழ்கிறது. 1983இல் தமிழக அரசு தொடங்கிய பொங்கல் வேட்டி, சேலைத் திட்டமும் இவ்வுண்மையையே காட்டுகிறது. பெறுபவருக்கு அது ஆடை, நெய்பவருக்கோ வேலை.

அடுத்த கிறிஸ்துமஸ்

அந்த நெசவாளர் வீட்டிற்குத் திரும்புவோம். அன்று நான் விடைபெறும்போது, "அடுத்த முறை மகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் பெரியவரே. அவள் பணத்தைக் காப்பாற்றுவதும் உங்கள் கடமைதானே?" என்று மட்டும் கூறினேன். மகளின் பணத்தைக் காப்பாற்றுவது என்னும் சொல் அவர் மனத்தில் பட்டது போலும்.

அவ்வாண்டு ஐப்பசியில் மகள் தொலைபேசியில் கேட்டபோது, மூன்று பொருள்களைச் சொல்லியிருக்கிறார்: கிரைண்டருக்கு மோட்டார், தறிக்கு மேல் ஒரு நல்ல குழல் விளக்கு, அம்மாவுக்கு ஒரு போர்வை. மூன்றாவதைச் சொன்னவர் அம்மையாரே. முப்பது ஆண்டுகளாகப் பட்டு நெய்யும் அவ்வீட்டில், மார்கழிக் குளிருக்கு அவர் பழம்புடவை இரண்டை மடித்துப் போர்த்திக்கொண்டிருந்தார் என்பது மகளுக்கும் அன்றுதான் தெரிந்தது. விளக்கு எதற்கு என்று அவள் துருவிக் கேட்க, கண் மங்கிய செய்தியும் வெளிவந்தது. கிறிஸ்துமஸ் வரை காத்திராமல், அடுத்த ஞாயிறே வந்து தந்தையை அழைத்துச் சென்று கண் பரிசோதித்து, மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். எல்லாம் சேர்ந்தும் முந்திய ஆண்டுக் கடிகாரத்தின் விலையில் பாதிகூட ஆகவில்லை. தவணைக் கடனும் இல்லை.

கண்ணாடியைச் சிறு பொருளாக எண்ணவேண்டாம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு அருகிலுள்ளதைப் பார்க்கும் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆராய்ச்சி 2018இல் வெளியாயிற்று. கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், பெற்றவர்களின் வேலைத்திறன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடியிருந்தது. கொழுந்து கிள்ளுபவருக்கே இவ்வளவு என்றால், மயிரினும் மெல்லிய பட்டிழையை முடிபவருக்கு எவ்வளவு என்பதை நம் நெசவாளர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தணிக்கையில் அவர் பேரேட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். கண்ணாடி அணிந்த பின் கொடுத்த புடவைகளில் பிடித்தம் ஒன்றும் இல்லை. மேலாளர் அவருக்கு மீண்டும் உயர்ந்த ரகப் பாவு கொடுக்கத் தொடங்கியிருந்தார். வீட்டிற்குச் சென்றபோது கிரைண்டர் சுழன்றுகொண்டிருந்தது. அம்மையார் சுடச்சுட இட்லி வைத்தார். கடிகாரத்தைப் பற்றி நான் வினவவில்லை. அவராகவே, "சின்னவன் கட்டிக்கிட்டுக் காலேஜுக்குப் போறான் ஐயா" என்று கூறிச் சிரித்தார்.

அங்கத்தினர்களே, இவ்வாண்டுப் பண்டிகைக்கு உங்கள் பிள்ளைகளோ உடன்பிறந்தாரோ "என்ன வேண்டும்?" என்று அன்போடு கேட்டால், பழக்கத்தினால் "ஒன்றும் வேண்டாம்" என்று கூறிவிடாதீர்கள். ஒரு கணம் சமையற்கட்டையும், தறிமேடையையும், களத்தையும் திரும்பிப் பாருங்கள். உண்மையில் குறைவதை அவர்கள் சக்திக்கு உட்பட்டுச் சொல்லுங்கள். நீங்கள் கொடுப்பவராயின், கடைக்குச் செல்லுமுன் கேட்டறியுங்கள். தேவையை ஒளிக்காமல் கூறி, ஒன்றுகூடி நிறைவேற்றுவதே கூட்டுறவு. அதனைச் சங்கக் கட்டடத்தோடு நிறுத்தாமல் நம் வீடுகளுக்குள்ளும் கொண்டு செல்வோமாக.